பன்னிரண்டு டோக்கன், பதினொரு எச்சில்: குமராட்சிப் பக்கம் ஒரு கணக்கெடுப்புப் பயணம்

கோயில் கோபுரமும் மீன் குழம்பும் எதிர்பார்த்து இந்தப் பக்கத்தைத் திறந்தவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். போனது புரட்டாசி மாதம். ஊரில் பாதிப் பேர் கவுச்சி தொடவில்லை, எனக்கும் கிடைக்கவில்லை. சிதம்பரம் கோபுரத்தை லாட்ஜ் ஜன்னலிலிருந்து பார்த்ததோடு சரி. இது வேலைக்காகப் போன பயணம். ஆனால் இத்தனை வருடம் ஊர் ஊராகச் சுற்றியதில், திரும்பி வரும்போது பஸ்ஸில் சத்தமாகச் சிரித்து பக்கத்து சீட்டுக்காரரைப் பயமுறுத்திய பயணம் இது ஒன்றுதான்.

ஏன் போனேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நாலு வருடத்துக்கு முன்னால் என் அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. வயது முப்பத்தெட்டு. மரபணுப் பரிசோதனை செய்தார்கள். அப்பா வழியில் பிறப்பிலேயே வந்த ஒரு கோளாறு அவளிடம் இருந்தது. அடுத்து எனக்கு எடுத்தார்கள். எனக்கும் இருந்தது. இருந்தால் நோய் கட்டாயம் வரும் என்றில்லை, வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஜாஸ்தி, அவ்வளவுதான். எனக்கு இன்றுவரை ஒன்றும் வரவில்லை. ஒழுங்காகப் போய்ப் பார்த்துக்கொள்கிறேன். அக்காவும் குணமாகி, முன்பைவிட அதிகமாக என்னுடன் சண்டை போடுகிறாள்.

அன்றைக்கு டாக்டரிடம் ஒரு கேள்வி கேட்டேன். "நம்ம ஜனங்கள்ல எத்தனை பேருக்கு இது இருக்கும் சார்?" அவர் வெளிநாட்டுக் கணக்கு ஒன்றைச் சொன்னார். நம் ஊர்க் கணக்கு என்ன என்றேன். "ஒங்க பக்கத்துல வீடு வீடாப் போய் எண்ணின கணக்கு என் கையில இல்லம்மா" என்றார். எனக்குக் கோபம் வந்தது. எனக்குப் பதினாறு வயதில் ஒரு மகள் இருக்கிறாள். நாளைக்கு அவள் இதே கேள்வியைக் கேட்டால் நானும் வெளிநாட்டைக் காட்ட வேண்டுமா? பதினைந்து வருடமாக ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் குழாய்க்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தவள், அந்தக் கணக்கை எடுக்கும் ஒரு ஆய்வுக் குழுவில் போய்ச் சேர்ந்துவிட்டேன்.

எங்கள் வேலை கேட்க எளிது. கம்ப்யூட்டர் குலுக்கல் முறையில் சில வீட்டுக் கதவு எண்களைத் தேர்ந்தெடுக்கும். அந்தக் கதவைத் தட்டி, முப்பது வயது தாண்டிய ஒரு பெண்ணிடம் சம்மதம் வாங்கி, ஐந்து மில்லி ரத்தம் எடுக்க வேண்டும். ஊசிக்குப் பயந்தால் எச்சில் போதும், அதற்கென்று ஒரு சின்னக் குப்பி இருக்கிறது. கடலூர் மாவட்டத்துக்கு முன்னோட்டமாக இருபத்துநாலு வீடு. செம்மங்குப்பத்தில் பன்னிரண்டு, குமராட்சிப் பக்கம் ஒரு கிராமத்தில் பன்னிரண்டு. மொத்தத்தில் குறைந்தது இருபத்திரண்டு வீடு தேற வேண்டும். தேறாவிட்டால் அடுத்து வரும் பெரிய கணக்கெடுப்பில் கடலூர் மாவட்டமே இருக்காது. வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு, விவரங்களை ஏற்றும் மொபைல் ஆப் மூடிவிடும். அதற்குமேல் அழுதாலும் ஏற்காது.

புதன்கிழமை காலை 5.10க்குக் கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறினேன். டிக்கெட் 210 ரூபாய். திண்டிவனம், புதுச்சேரி வழியாகக் கடலூர் பஸ் ஸ்டாண்டில் 9.25க்கு இறக்கிவிட்டார்கள். ஜன்னல் சீட் வேண்டுமென்றால் இடது பக்கம் உட்காராதீர்கள், வெயில் முகத்திலேயே அடிக்கும். நான் உட்கார்ந்தேன், அனுபவித்தேன்.

ஸ்டீபன் காத்திருந்தான். ரத்தம் எடுக்கும் ஆள், கடலூர்க்காரன், வயது முப்பத்திரண்டு. ஊசி குத்தினது தெரியாமல் ரத்தம் எடுப்பான். ஆனால் எடுத்து முடிக்கும்வரை வாய் ஓயாது. பஸ் கண்டக்டர், டீக்கடைக்காரர், வழி சொல்பவர் எல்லாரும் அவனுக்கு மச்சான்தான், கொஞ்சம் வயதானவர் என்றால் மாமா. தோளில் குளிர்ப்பெட்டி, முதுகில் பை. பையில் எச்சில் குப்பி பதினைந்து. "பத்தரமா வெச்சிக்குங்க மேடம், இதுக்கு மேல குடுக்க மாட்டேன்னுட்டாங்க" என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு என்னிடம் தந்தான்.

கடலூரிலிருந்து செம்மங்குப்பம் பன்னிரண்டு கிலோமீட்டர், சிதம்பரம் போகும் சாலையிலேயே. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம், ஸ்டீபன் மட்டும் டிக்கெட் எடுத்தான். இரண்டு பக்கமும் தொழிற்பேட்டை, நடுவில் வீடுகள். டீக்கடையில் எங்கள் பெட்டியைப் பார்த்த ஒருவர், "கம்பெனியாலதான் கேன்சர் வருதான்னு பாக்க வந்தீங்களா?" என்று கேட்டார். இல்லை, அது வேறு கேள்வி, அதற்கு வேறு மாதிரி ஆய்வு வேண்டும், நாங்கள் பார்ப்பது பிறக்கும்போதே அப்பா அம்மாவிடமிருந்து வருவதை மட்டும்தான் என்றேன். "அப்ப அதுக்கு எப்ப வருவீங்க?" என்றார். நியாயமான கேள்வி.

சாயங்காலம் நாலரைக்குள் பதினொரு வீடு முடிந்தது. ஒரு வீடு பூட்டு. ஊசிக்குப் பயந்த இரண்டு பேருக்கு எச்சில் குப்பி தந்தோம். ஒவ்வொரு கதவையும் நானே தட்டினேன், ஒவ்வொரு எண்ணையும் நானே சரிபார்த்தேன். கால் வலி தாங்கவில்லை. இந்தக் கால் வலியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், குமராட்சிப் பக்கம் நான் செய்த முட்டாள்தனத்துக்கு இதுதான் காரணம். அன்றைக்கே சிதம்பரம் பஸ் ஏறிக் கீழவீதிப் பக்கம் லாட்ஜ் போட்டோம். அறைக்கு 900 ரூபாய், சுத்தமாக இருந்தது.

வியாழன் காலை ஆறரைக்கு இட்லியும் கத்திரிக்காய் கொத்சும். சிதம்பரம் வந்து கொத்சு சாப்பிடாமல் போகிறவர்களிடம் நான் பேசுவதில்லை. 7.40க்கு மினி பஸ். குமராட்சி பதினைந்து கிலோமீட்டர், அங்கிருந்து உள்ளே இன்னும் மூன்று. டிக்கெட் 22 ரூபாய். வழியெல்லாம் வாய்க்காலும் வயலும். ரோட்டோரத்தில் குறுவை நெல்லைக் கொட்டிக் காய வைத்திருந்தார்கள். டிரைவர் நெல்லை மிதிக்காமல் வளைத்து வளைத்து ஓட்டினார். கிராமத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன், அந்த ஊர்ப் பெண்களுக்கு அப்படி வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஆட்களின் பெயரையும் மாற்றித்தான் எழுதுகிறேன்.

அங்கே எங்களுக்கு ஏற்பாடு செய்தவர் மலர்க்கொடி. மகளிர் சுய உதவிக் குழுவின் தலைவி, நாற்பத்தெட்டு வயது, பேச்சில் மின்னல். முந்தின வாரமே அவரைப் பார்க்க ஒரு நடை வந்திருந்தேன். பன்னிரண்டு கதவு எண்கள், அந்தந்த வீட்டுப் பெண்ணிடம் தர வேண்டிய பன்னிரண்டு டோக்கன்கள் என் கையில் இருந்தன. அன்றைக்கும் இதே கால் வலிதான். அவர் சொன்னார்: "நீங்க ஏன் மேடம் வெயில்ல அலையணும்? டோக்கன எங்கிட்ட குடுங்க. வியாழக்கிழம காலையில பன்னெண்டு பேரையும் குழுக் கட்டடத்துல ஒக்கார வெக்கறேன். நீங்க வந்து எடுத்துக்கிட்டுப் போயிட்டே இருங்க." கொடுக்கக் கூடாது என்று தெரிந்தே டோக்கன்களைக் கொடுத்தேன். விதிமுறைக் கையேட்டில் மூன்றாம் பக்கத்திலேயே இருக்கிறது: கதவை நீங்களே தட்டுங்கள்.

வியாழன் போனால், சொன்ன மாதிரியே பன்னிரண்டு பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். தலை வாரி, பூ வைத்து, கையில் டோக்கனோடு. பதினொன்றரைக்குள் பன்னிரண்டு ரத்தமும் குளிர்ப்பெட்டிக்குள் போய்விட்டது. "மேடம், இந்த மாரி ஊர நான் பாத்ததே இல்ல" என்றான் ஸ்டீபன். நான் காலரைத் தூக்கி விட்டுக்கொள்ளாத குறை. பஸ்ஸில் வரும்போதே எங்கள் ஆய்வுக் குழுவின் டாக்டரம்மாவுக்கு மெசேஜ் போட்டேன்: இருபத்துநாலுக்கு இருபத்துமூன்று!

பிற்பகல் மூன்றரை மணிக்கு லாட்ஜ் அறையில் படிவங்களை ஆப்பில் ஏற்ற உட்கார்ந்தேன். ஏழாவது கேள்வி: ரத்த உறவில் யாருக்கேனும் புற்றுநோய் வந்ததுண்டா? முதல் படிவம், ஆம். இரண்டாவது, ஆம். மூன்றாவது, ஆம். ஆறாவதிலும் ஆம் வந்ததும் மீதிப் படிவங்களை வேகமாகப் புரட்டினேன். பன்னிரண்டும் ஆம். முந்தின நாள் செம்மங்குப்பத்தில் ஒன்றிரண்டுதான் ஆம். குலுக்கிப் போட்டு எடுத்த பன்னிரண்டு வீட்டில் பன்னிரண்டிலும் புற்றுநோய் இருக்கிற ஊர் உலகத்தில் எங்கேயும் இருக்க முடியாது.

மலர்க்கொடிக்குப் போன் போட்டேன். "அக்கா, டோக்கன் யாருக்குக் கொடுத்தீங்க?"

"யாருக்குக் குடுக்கணுமோ அவுங்களுக்குத்தான் மேடம்" என்றார் பெருமையாக. "நீங்க குடுத்த லிஸ்ட்ட பாத்தேன். பாதிப் பேரு கல்லு மாரி இருக்காங்க, அவுங்களுக்கு எதுக்கு இது? நோய் வந்த வூடு எதெதுன்னு எனக்குத் தெரியும். அம்மா செத்தவ, அக்கா செத்தவ, அவுங்களாப் பாத்துக் குடுத்துட்டேன். வெள்ளத்துக்கு அரிசி மூட்டை வந்தப்பவும் நான்தான் பிரிச்சிக் குடுத்தேன், ஒரு புகார் வரல."

 அவரை என்ன சொல்வது? இந்த ஊருக்கு லிஸ்ட் என்று ஒன்று வந்தால் அது நிவாரணம், வீடு, ஆடு, தையல் மெஷின். லிஸ்டில் தப்பான பேர் இருந்தால் திருத்தி, கஷ்டப்படுகிறவர்களுக்குக் கொடுப்பதுதான் நல்ல தலைவிக்கு அழகு. அவர் தன் வேலையை அருமையாகச் செய்திருந்தார். என் வேலையைத்தான் நான் செய்யவில்லை.

டாக்டரம்மாவுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். "டோக்கன யார் கைல குடுத்தீங்க?" என்றார். "நான்தான் மேடம் குடுத்தேன்."  அந்தப் பன்னிரண்டையும் கணக்கில் சேர்க்க முடியாது என்றார். அது நான் எதிர்பார்த்ததுதான். "அவங்க ரத்தத்தைத் தூக்கிப் போட்டுடாதீங்க மேடம்" என்று கெஞ்சினேன். "யாரு தூக்கிப் போடச் சொன்னா? குடும்பத்துல நோய் இருக்கறவங்களுக்கு நம்மகிட்ட தனிப் பிரிவு இருக்கு. மறுபடி சம்மதக் கையெழுத்து வாங்குங்க, அங்க பரிசோதிச்சு ஆலோசனையும் குடுப்போம்" என்றார். அப்பாடா என்றிருந்தது. ஆனால் கணக்கில் நாங்கள் இப்போது பதினொன்று. மறுநாள் மாலை ஆறு மணிக்குள், அந்தப் பன்னிரண்டு சரியான வீட்டில் பதினொரு வீடாவது தேற வேண்டும்.

"மேடம், நாளைக்கி வெள்ளிக்கெழம" என்றான் ஸ்டீபன். "அதனால என்ன?" என்றேன். "வெள்ளிக்கெழம வூட்ல ரத்தம் குடுக்க மாட்டாங்க. அதுலயும் புரட்டாசி வெள்ளி."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என் பையைப் பார்த்தோம். எச்சில் குப்பி பதிமூன்று மிச்சம் இருந்தது. எச்சில் துப்புவதற்கு நாள் கிழமை உண்டா என்ன?

வெள்ளி காலை அதே 7.40 மினி பஸ். மலர்க்கொடி குழுக் கட்டட வாசலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார். உட்கார வைத்து விளக்க ஆரம்பித்தேன். எத்தனை பேருக்கு இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் நோய் வந்த வீடு வராத வீடு என்று பார்க்கக் கூடாது, குலுக்கலில் எது வருகிறதோ அதுதான் என்றேன். எதுவும் ஏறவில்லை. கையை ஆட்டி ஆட்டிப் பத்து நிமிடம் பேசியிருப்பேன். திடீரென்று அவரே என்னை நிறுத்தினார்.

"இருங்க மேடம். நெல்லு கொள்முதல் பண்ற எடத்துல ஈரம் இருக்கான்னு மூட்டையில குத்தூசி போட்டுப் பாப்பாங்களே, அந்த மாரியா? அவன் இஷ்டத்துக்கு ஒரு மூட்டையில குத்துவான். நாம காட்டற மூட்டையில குத்த மாட்டான்."

"அதேதான் அக்கா!"

"அப்ப நான் ஈர மூட்டையா பொறுக்கிப் பன்னெண்டையும் உங்க முன்னாடி வெச்சிட்டேன். மொத்த நெல்லும் ஈரம்னு எழுதிடுவீங்க." தலையில் கையை வைத்துக்கொண்டார். "அடக் கடவுளே, ஏம்மா இத நீங்க அன்னைக்கே சொல்லல?"

சொல்லவில்லைதான். மூன்று வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். இவ்வளவு தெளிவாக யாருக்கும் நான் சொன்னதில்லை. இப்போது எந்த ஊருக்குப் போனாலும் குத்தூசியில்தான் ஆரம்பிக்கிறேன். நேற்று வந்த பெண்களின் ரத்தம் வீணாகாது, அவர்களைத் தனியாகப் பார்ப்பார்கள் என்று சொன்னதும் அவர் முகம் தெளிந்தது. "அது போதும். வாங்க, கதவத் தட்டுவோம்" என்று செருப்பை மாட்டினார்.

முதல் கதவிலேயே அடி விழுந்தது. அந்தப் பெண் எங்கள் பெட்டியைப் பார்த்ததும் பாதிக் கதவைச் சாத்தினாள். "நேத்து போனவங்க யாரு யாருன்னு தெரியும்மா. பூரா நோய் வந்த வூடு. இன்னிக்கி நீங்க எங்க வூட்டுக்குள்ள வந்தா ஊரு என்னா நெனைக்கும்? எங்க வூட்ல யாருக்கும் அது கெடையாது, போங்க." அடுத்த வீட்டிலும் அதேதான். அதற்கடுத்த வீட்டில் ஜன்னலைக்கூடத் திறக்கவில்லை. ஒரே நாளில் எங்கள் லிஸ்ட் அந்த ஊரில் நோய்க்காரர் லிஸ்டாகிவிட்டது. மலர்க்கொடி பேசிப் பார்த்தார், அதட்டிப் பார்த்தார். பதினொன்றேகால் ஆயிற்று. கையில் பூஜ்யம். வெயில் மண்டையைப் பிளந்தது.

குழுக் கட்டடத்துக்குத் திரும்பி லிஸ்டை விரித்தேன். போகாத வீடுகளைப் பார்த்து, "இந்த 4/61 யார் வீடு அக்கா?" என்றேன்.

 மலர்க்கொடி தண்ணீர் குடித்தார். பிறகு, "அது எங்க வூடுதான்" என்றார்.

தன் வீட்டு டோக்கனைத்தான் முதலில் வேறொருத்திக்குத் தூக்கிக் கொடுத்திருக்கிறார். நான் அதை இரக்கம் என்று நினைத்தேன். பாதி இரக்கம், பாதி பயம் என்பது அப்புறம்தான் தெரிந்தது. "எம்பொண்ணுக்கு ஆவணியில நிச்சயம் பண்ணிட்டோம். தையில கல்யாணம். மாப்பிள்ள வூடு காட்டுமன்னார்கோயில் பக்கம். பொண்ணோட அம்மாவுக்குக் கேன்சர் டெஸ்ட் எடுத்தாங்கன்னு ஒரு வார்த்த அங்க போய்ச் சேந்தா என்னா ஆவும்? நீங்களே சொல்லுங்க."

எச்சிலை எடுத்தால் பெயர் எங்கேயும் இருக்காது, எண் மட்டும்தான், முடிவு வேண்டாமென்றால் யாருக்கும் சொல்ல மாட்டோம் என்று வழக்கமான பாடத்தை ஒப்பித்தேன். அவர் கேட்கவே இல்லை. எனக்கு ஆத்திரம் வந்தது, அவர் மேல் இல்லை. பாடத்தை நிறுத்திவிட்டு, "அக்கா, எனக்கு அந்தக் கோளாறு இருக்கு" என்றேன்.

ஸ்டீபன் நிமிர்ந்து பார்த்தான். இரண்டு வருடமாகக் கூட வேலை செய்கிறவனுக்கே அது தெரியாது. அக்காவுக்கு வந்தது, எனக்குத் தெரிந்தது, மகள் கேட்கப்போகும் கேள்வி, எல்லாவற்றையும் சொன்னேன்.  "நானும் மறைச்சுத்தான் வெச்சிருந்தேன் அக்கா. எல்லாரும் மறைச்சா, இது எத்தனை பேருக்கு இருக்குன்னு யாருக்குமே தெரியாது. தெரியலேன்னா ஆஸ்பத்திரியில இந்த டெஸ்ட்ட இலவசமா எடுங்கன்னு எதை வெச்சிக் கேக்கறது?"

மலர்க்கொடி என் கையைப் பிடித்துக்கொண்டார். மேடம் என்று கூப்பிட்டது போய்விட்டது. "தங்கச்சி, ஒங்களப் பாத்தா அப்படித் தெரியவே இல்லியே" என்றார். "பார்த்தா யாருக்கும் தெரியாதுக்கா" என்றேன். சட்டென்று எழுந்தார். போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டு, சம்பந்தியம்மாவையே கூப்பிட்டுவிட்டார். 

"சம்பந்தி, நல்லா இருக்கீங்களா? ஒண்ணுமில்ல, எங்க ஊர்ல ஒரு கணக்கெடுக்க வந்துருக்காங்க. பரம்பரையில கேன்சர் வருமே, அது எத்தினி பேருக்கு இருக்குன்னு. குலுக்கல்ல எங்க வூடு வந்துருக்கு, நான் குடுக்கப் போறேன். வேற யாராச்சும் வந்து சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்லிடலாம்னுதான்."

 பதில் வருவதற்குள் மலர்க்கொடி முகத்தில் வேர்வை பூத்தது. பிறகு போனில் ஒரு குரல் வெடித்தது: "அட, நல்ல விஷயமாச்சே! எங்க நாத்தனாரு போன வருஷம் அதுலதான போனாங்க. எங்க ஊருக்கு எப்ப வருவாங்களாம்? கேட்டுச் சொல்லுங்க சம்பந்தி."

ஸ்டீபன் விசில் அடித்தான். மலர்க்கொடி அழுதாரா சிரித்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஒரு நாற்காலி எடுத்துக்கிட்டு வாங்க" என்றார். கட்டடத்துக்குள் வேண்டாம், தெரு நடுவில் தண்ணீர் டேங்க் பக்கத்தில் போடச் சொன்னார். குடம் வைத்துக்கொண்டு நின்ற பெண்கள் பார்க்கப் பார்க்க உட்கார்ந்தார். "எல்லாரும் கேட்டுக்குங்க. நேத்து நடந்தது என் தப்பு, டோக்கன நான் மாத்திக் குடுத்துட்டேன். இது நோய்க்காரங்க லிஸ்ட்டு இல்ல, குலுக்கல் லிஸ்ட்டு. மொதல்ல எங்க வூடு. எங்க சம்பந்திக்கும் சொல்லியாச்சி."

எச்சில் துப்புவது சுலபம் என்று நினைக்காதீர்கள். குப்பியில் போட்டிருக்கும் கோடு வரை நிரப்ப வேண்டும், நுரை கணக்கில் வராது. ஊரே பார்க்கும்போது வாய் காய்ந்துவிடும். மலர்க்கொடிக்கும் காய்ந்துவிட்டது. கூட்டத்திலிருந்து ஒருத்தி, "புளியங்கா நெனச்சிக்கக்கா!" என்று கத்தினாள். இன்னொருத்தி, "வாயாடறப்ப மட்டும் எங்கேந்து வருது?" என்றாள். தெருவே சிரித்தது. சிரித்த சிரிப்பில் அவருக்கு ஊறிவிட்டது. மூடியைத் திருகி, குப்பியை வெற்றிக் கோப்பை மாதிரி உயர்த்திக் காட்டினார். நேரம் 12.10. ஒன்று.

காலையில் பாதிக் கதவைச் சாத்தினவள்தான் இரண்டாவதாக வந்தாள். "எங்க வூடும் லிஸ்ட்ல இருக்குதுன்னு சொன்னீங்களே" என்று அவளாகவே வந்து நின்றாள். இந்த முறை ஒவ்வொரு கதவு எண்ணையும் நான் போய்ப் பார்த்துத்தான் குப்பி கொடுத்தேன். வெற்றிலை போட்டவர்களை வாய் கொப்பளிக்க வைத்து, அரை மணி நேரம் எதையும் தின்னாமல் உட்கார வைக்க வேண்டும். அந்தக் காவல் வேலையை மலர்க்கொடி பார்த்தார். ஒரு அம்மா மடியிலிருந்து பாக்கை எடுக்கப் போனதை அந்தக் கோடியிலிருந்தே பார்த்து அதட்டினார். ஒரு குப்பி முழுக்க நுரையாகிப் போனது, மாற்றுக் குப்பி கொடுத்தோம். லிஸ்டில் இல்லாத இரண்டு பேர் எங்களுக்கும் வேண்டும் என்று சண்டைக்கு வந்தார்கள். அவர்களுக்கு மலர்க்கொடியே குத்தூசிக் கதையைச் சொல்லி அனுப்பினார்.

மூன்றே முக்காலுக்குப் பத்து முடிந்தது. மீதி இரண்டு. ஒரு வீட்டுக்காரர்கள் குடும்பத்தோடு திருப்பூர் போய்விட்டார்கள், பூட்டு. இன்னொரு வீட்டுப் பெண் சிதம்பரத்தில் ஒரு ஜவுளிக் கடையில் வேலை செய்கிறவள், 5.05 மினி பஸ்ஸில் இறங்குவாள். மலர்க்கொடி போன் போட்டு, "பஸ்ஸுல எதையும் தின்னாத, தண்ணிகூடக் குடிக்காத, கேன்சர் கணக்குக்கு எச்சி வேணும்" என்று ஒரே மூச்சில் சொல்லி வைத்துவிட்டார். அந்தப் பெண் என்ன நினைத்திருப்பாளோ.

5.05 பஸ் 5.12க்கு வந்தது. இறங்கினவளிடம் ஸ்டீபன் முதலில் கேட்டது பெயரை இல்லை, "எதாச்சும் சாப்ட்டியாம்மா?" என்றான். "ஏறும்போது ஒரு வடை சாப்ட்டேன். அக்கா போன் அப்புறம்தான் வந்துச்சி." மணிக்கணக்குப் போட்டோம். வடை தின்றது நாலரைக்கு. அரை மணி தாண்டிவிட்டது. ஆனாலும் வாய் கொப்பளித்துவிட்டுப் பத்து நிமிடம் காத்திருக்க வைத்தேன், இனிமேல் எந்த விதியையும் மீறுவதாக இல்லை. அவளுக்குப் படிவத்தை நிதானமாகப் படித்துக் காட்டி, சம்மதம் வாங்கி, குப்பி நிரம்பும்போது 5.43. பதினொன்று.

ஆப்பைத் திறந்தால் டவர் இல்லை. கையைத் தூக்கி நின்றேன், டேங்க் மேடையில் ஏறி நின்றேன். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. "பஸ்ஸு நிக்கற எடத்துல கெடைக்கும் மச்சான், ஓடுங்க!" என்று திரும்பும் நடைக்குக் காத்திருந்த பஸ் டிரைவர் ஸ்டீபனைப் பார்த்துக் கத்தினார். நாற்பது வயதில் நான் அப்படி ஓடியதில்லை. பின்னால் ஸ்டீபன், மலர்க்கொடி, ஜவுளிக் கடைப் பெண், யாரோ இரண்டு பேர். 5.54க்குப் பச்சை டிக் விழுந்தது. இருபத்திரண்டுக்கு இருபத்திரண்டு! நான் போட்ட சத்தத்தில் வாய்க்காலில் நின்ற கொக்கு பறந்துபோனது. யார் யாரைக் கட்டிப்பிடித்தோம் என்று நினைவில்லை. மினி பஸ் எங்களுக்காகப் பத்து நிமிடம் நின்றது. உள்ளே இருந்தவர்கள் விஷயம் தெரியாமலேயே கை தட்டினார்கள்.

திரும்பும் வழியில் ஏழாவது கேள்வியை மறுபடி பார்த்தேன். மலர்க்கொடி, இல்லை. கதவைச் சாத்தினவள், இல்லை. இல்லை, இல்லை, நடுவில் ஒரே ஒரு ஆம், மறுபடி இல்லை. நாலு வருடமாக எந்தப் படிவத்திலும் ஆம் என்றே எழுதி எழுதி, இல்லை என்ற சொல்லைப் பார்த்து எனக்கு இவ்வளவு சந்தோஷம் வருமென்று நினைத்ததே இல்லை. என் ஆம் ஊரில் எத்தனை பேரில் ஒன்று என்று தெரிய வேண்டுமானால் அவர்களுடைய இல்லையும் வேண்டும். பஸ்ஸில் சத்தமாகச் சிரித்தது அப்போதுதான்.

இந்த மாதிரி வேலைக்குப் போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். குமராட்சிப் பக்கம் மினி பஸ் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒன்றுதான், கடைசி பஸ் எப்போது என்று காலையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்தால் கொள்ளிடக் கரை ஊர்களுக்குப் போகும் திட்டத்தைத் தள்ளிப் போடுங்கள். ரத்தம் எடுக்கச் செவ்வாய், வெள்ளி வேண்டாம், எச்சில் குப்பி எப்போதும் கூடுதலாக வைத்திருங்கள். குடிநீர், குடை, நல்ல செருப்பு. இரண்டு பேருக்கு மூன்று நாள் பஸ், லாட்ஜ், சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆறாயிரத்துக்குள் முடிந்தது. கால் வலித்தால் உட்கார்ந்து தைலம் தேய்த்துக்கொள்ளுங்கள், டோக்கனை மட்டும் யார் கையிலும் கொடுக்காதீர்கள்.

கடலூர் மாவட்டம் பெரிய கணக்கெடுப்பில் சேர்ந்துவிட்டது. அந்த முதல் பன்னிரண்டு பெண்களும் மறுபடி கையெழுத்துப் போட்டார்கள். தனிப் பிரிவில் ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பித்திருக்கிறார்கள். என் மகளிடம் சொல்வதற்கு எண் இன்னும் வரவில்லை. ஆனால் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள், அதில் நான் ஓடின ஓட்டமும் இருக்கிறது என்று சொன்னேன். "அம்மா, நீ ஓடினியா?" என்றாள். அவள் நம்பாதது அது ஒன்றைத்தான்.

பெரிய சுற்றுக்கான குலுக்கல் போன வாரம் நடந்தது. தேர்வான கிராமங்களில் காட்டுமன்னார்கோயில் பக்கத்து ஊர் ஒன்றும் இருந்தது, சம்பந்தியம்மாவின் ஊர். மலர்க்கொடிக்குச் சொன்னேன். உடனே ஒரு குரல் செய்தி வந்தது.

"தங்கச்சி, நானும் கூட வரேன். டோக்கன நான் தொட மாட்டேன். கதவ மட்டும் தட்டிக் குடுக்கறேன்."